சுவரில இருக்கிற ஓட்டை ஆருடையது? ரவுட்டரின் சின்ன வரலாறு

ரவுட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்காது. "என்ன கனெக்‌ஷன் தம்பி? ஃபைபரா, ஃபோர்ஜியா, பழைய டெலிபோன் லைனா?" எண்டுதான் கேட்பார். பதில் தெரியாமல் எதையாவது வாங்கிக்கொண்டு வந்தால், அந்தப் பெட்டி ரெண்டு நாளில் அலுமாரிக்குள் போய்விடும்.

போனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கொரியாவில் வடிவமைத்த போன், சீனாவில் செய்த ரவுட்டர், கிளிநொச்சியில் ஒரு வீடு. பாஸ்வேர்டை அடித்தால் இரண்டும் உடனே கதைக்கத் தொடங்கிவிடும். எந்தக் கொம்பனி செய்தது, எப்ப செய்தது எண்டு ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அதே ரவுட்டரின் மற்றப் பக்கம், அதாவது வெளியிலிருந்து லைன் வந்து சேருகிற பக்கம், அப்படியில்லை. அங்கே "இது செட்டாகாது", "கொம்பனி தந்த பெட்டிதான் வேணும்", "அந்த சிம் இதில வேலை செய்யாது" என்ற கதைகள்தான்.

ஒரே பெட்டிக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் திறந்த படலை, மற்றப் பக்கம் பூட்டு. இது ஏன் இப்படி? "தொழில்நுட்பம் அப்பிடித்தான்" என்பது பாதிப் பதில். மற்றப் பாதி நீதிமன்றங்களிலும், அரச ஆணைக்குழுக்களிலும், ஏகபோகக் கொம்பனிகளின் கட்டணப் பட்டியல்களிலும் கிடக்கிறது. அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டால், எந்த ரவுட்டரைத் தெரிவு செய்வது என்ற கேள்வியே வேறு மாதிரித் தெரியும்.

ஒரு கோப்பைக்கு எட்டு வருட வழக்கு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவின் தொலைபேசி என்றால் ஏடி அண்ட் டி. கம்பி அவர்களுடையது. கம்பியின் முனையில் இருந்த கறுப்புத் தொலைபேசியும் அவர்களுடையதுதான். அதைச் செய்ததும் அவர்களுடைய துணைக் கொம்பனியான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக். வீட்டுக்காரர் மாதாமாதம் வாடகை கட்டினார். அந்தத் தொலைபேசியோடு வேறு எவரும் செய்த எந்தப் பொருளையும் இணைக்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி. அதை மீறினால் லைனை வெட்டலாம்.

அந்தக் காலத்தில் ஹஷ்-எ-போன் என்று ஒரு சின்னப் பொருள் விற்பனையில் இருந்தது. தொலைபேசியின் வாய்ப்பக்கத்தில் மாட்டுகிற ஒரு கோப்பை, அவ்வளவுதான். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்காமல் கதைக்கலாம். ஏடி அண்ட் டி இதையும் விடவில்லை. 1940களின் கடைசியில் ஹஷ்-எ-போன் கொம்பனி ஒன்றிய தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் முறையிட்டது. கோப்பையை மாட்டினால் மறுமுனையில் குரலின் தரம் குறைகிறது, ஆகவே தடை சரி என்று 1955இல் ஆணைக்குழு சொன்னது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 1956இல் நீதிபதிகள் கேட்ட கேள்வி மிக எளிமையானது: கையைக் குவித்து வாயருகே வைத்துக் கதைத்தாலும் இதே விளைவுதானே வரும்? அதைத் தடுக்க முடியாதென்றால் கோப்பையை மட்டும் ஏன் தடுக்கவேண்டும்?

அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. ஒரு பாவனையாளர் தன் தொலைபேசியைத் தனக்குப் பயனுள்ள விதத்தில் பாவிக்கலாம், பொதுவான வலையமைப்புக்குத் தீங்கு வராதவரை. வலையமைப்புக்குத் தீங்கு வருகிறதா? இந்த ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

டெக்சாஸ்காரரின் பெட்டி

அடுத்து வந்தவர் தோமஸ் கார்ட்டர், டெக்சாஸ் மாநிலத்தவர். எண்ணெய்க் கிணறுகளிலும் பெரிய பண்ணைகளிலும் வேலை செய்கிறவர்கள் இருவழி வானொலி பாவித்தார்கள். அவர்களோடு தொலைபேசியில் கதைக்க வழியில்லை. கார்ட்டர் ஒரு பெட்டி செய்தார். தொலைபேசியின் கைப்பிடியை அதன் மேல் வைத்தால், அதிலிருந்து வருகிற குரல் வானொலிக்குப் போகும், வானொலியில் வருகிற குரல் தொலைபேசிக்குப் போகும். கம்பியோடு மின் இணைப்பு எதுவுமில்லை. ஒலி மட்டும்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாய்ந்தது. 1959 முதல் 1966 வரை ஏறக்குறைய 3,500 கார்ட்டர்போன்கள் விற்றன.

கொம்பனி பாவனையாளர்களை எச்சரித்தது. கார்ட்டர் வழக்குப் போட்டார். 1968 ஜூனில் ஆணைக்குழு தீர்ப்புச் சொன்னது: கொம்பனியின் விதி நியாயமற்றது, இப்போது மட்டுமல்ல, தொடக்கத்திலிருந்தே சட்டவிரோதமானது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் தோற்ற ஏகபோகம் வேறொரு வழி கண்டுபிடித்தது. "சரி, இணையுங்கள். ஆனால் எங்கள் லைனைப் பாதுகாக்க நடுவில் எங்கள் பெட்டி ஒன்று இருக்கவேண்டும். அதற்கு மாத வாடகை உண்டு" என்றது. அதாவது உங்கள் பெட்டியைப் பூட்ட அவர்களுடைய பெட்டியை வாடகைக்கு எடுக்கவேண்டும். இதை வாசிக்கும்போது உங்கட வீட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற இரண்டு பெட்டிகள் நினைவுக்கு வந்தால், அது தற்செயல் இல்லை.

1975இல் ஆணைக்குழு அந்த இடைப் பெட்டியையும் ஒழிக்க முடிவெடுத்தது. தொலைபேசி லைனோடு இணைகிற கருவிகள் சில தொழில்நுட்ப நிபந்தனைகளை நிறைவேற்றிப் பதிவுசெய்தால் போதும், எவரும் செய்யலாம், எவரும் வாங்கலாம், தாங்களே குத்திக்கொள்ளலாம். சில வருட வழக்குகளுக்குப் பிறகு அது நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்ததுதான் ஆர்ஜே-11 என்று நாங்கள் சொல்கிற சின்ன பிளாஸ்டிக் பிளக். எங்கட பழைய லாண்ட்லைன்களிலும் ஏடிஎஸ்எல் ரவுட்டர்களிலும் "கிளிக்" என்று பூட்டுப்படுகிற அதே பிளக்தான்.

அந்தப் பிளக் வராமல் இருந்திருந்தால் வீட்டு இணையம் எப்படி வளர்ந்திருக்கும் என்று சொல்வது கடினம். அதற்கு முன்னால் கணினியைத் தொலைபேசியோடு இணைக்க வேண்டுமென்றால், கைப்பிடியை இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் அமத்தி வைத்து, மொடெம் ஒலியெழுப்ப, தொலைபேசி அந்த ஒலியைக் கேட்க, அப்படித்தான் செய்தார்கள். ஜெர்மனியில் தபால் திணைக்களத்தின் ஏகபோகம் இன்னும் இறுக்கமாக இருந்தது. அங்கே அனுமதி இல்லாத மொடெமை லைனில் பூட்டுவது சட்டவிரோதம். 1980களின் நடுவில் கேயோஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற இளைஞர் குழு, மலசலகூடக் குழாய்களுக்குப் பாவிக்கிற ரப்பர் வளையங்களைக் கொண்டு தாங்களே ஒலி மொடெம் செய்வது எப்படி என்று பகிர்ந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "தரவுக் கக்கூஸ்".

அமெரிக்காவில் 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடெம் வந்தது. நேரடியாகச் சுவரில் குத்துகிற மொடெம். வேகம் செக்கனுக்கு 300 பிட். இண்டைக்கு எங்கட போனில் எடுக்கிற 5 மெகாபைட் படம் ஒன்றை அதில் அனுப்ப ஒன்றரை நாள் போகும். ஆனால் வேகத்தைவிட முக்கியமானது, அதை வாங்க ஆரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது.

எங்கட பக்கம்

இலங்கையில் தொலைபேசி நீண்டகாலம் அரச திணைக்களத்தின் சொத்து. லைனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தோடு திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996இல் சட்டத் திருத்தம் ஒன்றின் மூலம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி வாங்கியது. வணிக ரீதியான இணையம் 1995இல் தொடங்கியிருந்தது.

வடக்கு கிழக்கில் இந்தக் காலவரிசை அப்படியே பொருந்தாது. கம்பி இழுக்கவேண்டிய காலத்தில் யுத்தம் நடந்தது. ஆகவே எங்களில் பலருடைய வீட்டுக்கு முதலில் வந்தது செம்புக் கம்பியில்லை. 2000களின் நடுப்பகுதியில் வந்த சிடிஎம்ஏ போன்தான். பார்க்க லாண்ட்லைன் மாதிரி, பின்னால் மட்டும் ஒரு அன்டெனா. அதற்குப் பிறகு டொங்கிள், அதற்குப் பிறகு சிம் போடுகிற ஃபோர்ஜி ரவுட்டர், இப்போதுதான் ஃபைபர். செம்புக் கம்பியைப் பாவிக்காமலே ஃபைபருக்கு வந்த வீடுகள் எங்களிடம் நிறைய. இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். சிடிஎம்ஏ போனிலிருந்து ஃபோர்ஜி பெட்டி வரை அநேகமாக எல்லாமே கொம்பனி தந்த, கொம்பனியோடு கட்டுப்பட்ட கருவிகள். சுவரில் ஒரு பொதுவான பிளக் இருக்கும், அதில் நாங்கள் விரும்பியதைக் குத்தலாம் என்ற அனுபவமே பல வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. "கொம்பனி தாறதுதான் ரவுட்டர்" என்று நாங்கள் இயல்பாக நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று எப்படித் திறந்தது?

இப்போது பெட்டியின் மற்றப் பக்கம். வைஃபை ஏன் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது?

வானொலி அலைவரிசைகளுக்கு எல்லா நாட்டிலும் அனுமதிப்பத்திரம் தேவை. ஆனால் சில அலைவரிசைகள் தொடர்பாடலுக்கு உதவாத "குப்பை" என்று ஒதுக்கப்பட்டிருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு இரைச்சல் போடுகிற இடம். 1985 மேயில் அமெரிக்க ஆணைக்குழு, மைக்கல் மார்க்கஸ் என்ற பொறியியலாளரின் முயற்சியால், இப்படியான மூன்று அலைவரிசைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாவிக்கலாம் என்று அறிவித்தது. நிபந்தனை: குறைந்த சக்தி, அலையைப் பரப்பி அனுப்பவேண்டும், மற்றவரின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். மீண்டும் அதே தத்துவம்தான். தீங்கு செய்யாதே, மற்றப்படி உன் இஷ்டம்.

அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் என்சிஆர், கடைகளின் காசு இயந்திரம் செய்கிற கொம்பனி. கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கம்பியை இழுத்து மாற்றாமல், இயந்திரங்கள் கம்பியில்லாமல் கதைத்தால் நல்லதென்று நினைத்தார்கள். நெதர்லாந்திலிருந்த அவர்களுடைய பொறியியலாளர் விக் ஹேய்ஸ், எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான தரம் ஒன்றை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தத் தரம் 1997இல் வெளிவந்தது. அதன் இலக்கம் 802.11, வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். 1999இல் 11 மெகாபிட் வந்தது.

ஆனால் காகிதத்தில் தரம் இருந்தால் மட்டும் பெட்டிகள் ஒன்றோடொன்று கதைத்துவிடாது. அதனால் 1999இல் சில கொம்பனிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. வேறு வேறு கொம்பனிகளின் கருவிகள் உண்மையிலேயே ஒன்றோடொன்று வேலை செய்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவதுதான் சங்கத்தின் வேலை. அந்த முத்திரைக்கு விளம்பர நிறுவனம் ஒன்று வைத்த பெயர் வைஃபை. அதற்கு விரிவாக்கம் எதுவும் இல்லை, காதுக்கு இனிமையாக இருக்கவேண்டும் என்பதற்காக வைத்த பெயர். அந்த வருடமே அப்பிள் தன் மடிக்கணினியில் இதைச் சேர்த்தது. ஹோம்ஆர்எஃப் என்ற போட்டித் தரம் 2003 தொடக்கத்தில் கடையைச் சாத்தியது.

இந்தக் கதையில் எங்கட மொழி பேசுகிற மண்ணிலிருந்து ஒருவரும் உண்டு. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் இருந்தவர். கடலுக்கடியில் ஒலியைக் கொண்டு கப்பல்களைக் கண்டுபிடிக்கிற சோனார் தொகுதியை உருவாக்கியவர். பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சுவர்களிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறித்து வருகிற அலைகள் தொடர்பாடலுக்கு இடைஞ்சல் என்றே அதுவரை நினைத்தார்கள். பல அன்டெனாக்களை வைத்தால் அந்தத் தெறிப்புகளையே தனித்தனிப் பாதைகளாக்கி, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல மடங்கு தரவை அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. 1994இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மைமோ என்கிற அந்த முறை 2009இன் 802.11என் தரத்தில் சேர்ந்தது, ஃபோர்ஜியிலும் சேர்ந்தது. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கொடுத்தார்கள். ரவுட்டரில் ஏன் இரண்டு மூன்று கொம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஆராவது கேட்டால், பொள்ளாச்சிக்காரரின் கதையைச் சொல்லலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டு ரவுட்டரின் சில பழக்கங்களும் இந்த இழுபறியின் தழும்புகள்தான். ஆரம்பத்தில் சில சேவை வழங்குநர்கள் ஒரு கணினிக்குத்தான் இணைப்பு, இரண்டாவதுக்கு மேலதிகக் காசு என்றார்கள். கணினியின் வன்பொருள் முகவரியைப் பதிந்து வைத்துக் கண்காணித்தார்கள். ரவுட்டர் செய்தவர்கள் அந்த முகவரியைப் பிரதியெடுக்கிற வசதியைப் பெட்டிக்குள் வைத்தார்கள். இண்டைக்கும் ரவுட்டர் செட்டிங்ஸில் "மேக் குளோன்" என்று ஒரு பக்கம் இருக்கும், தேடிப் பாருங்கள். அதேபோல பிபிபிஓஇ என்று ஒன்று யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். டயல்-அப் காலத்தில் எண்ணைச் சுழற்றி உள்ளே நுழைகிற முறையைப் புதிய லைன்களுக்கும் கொண்டுவர 1999இல் எழுதிய விதி அது.

2002 கடைசியில் லிங்க்சிஸ் கொம்பனி நீலமும் கறுப்புமாக டபிள்யுஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்கத் தொடங்கியது. சில மாதங்களில் அதற்குள் லினக்ஸ் ஓடுகிறதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி அதை வைத்து விற்கிறவர் மூல நிரலையும் தரவேண்டும். கொம்பனி 2003இல் வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற சுதந்திர மென்பொருள் பிறந்தது. செய்தவர் கைவிட்ட பழைய ரவுட்டருக்கும் புது உயிர் கொடுக்கிற திட்டம் அது, இன்றும் நடக்கிறது.

பெட்டி ஆருடைய கையில் என்பது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. 2004இல் சேவை வழங்குநர்கள் வாடிக்கையாளரின் ரவுட்டரைத் தூரத்திலிருந்தே திருத்துவதற்கு டிஆர்-069 என்ற முறை வந்தது. நல்ல வசதி, வீட்டுக்கு ஆள் வரத் தேவையில்லை. ஆனால் அது ஒரு கதவும்கூட. 2016 நவம்பரில் ஒரு தீங்கு நிரல் அந்தக் கதவைத் தட்டியபோது ஜெர்மனியில் டொய்ச் டெலிகொம்மின் ஏறக்குறைய 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரவுட்டர்கள் செயலிழந்தன. எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே கதவு என்றால் ஒரே நாளில் எல்லாம் விழலாம்.

ஒளிக்கம்பியும் பழைய வாதமும்

அதே ஜெர்மனியில் அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. சேவை வழங்குநர் தருகிற ரவுட்டரைத்தான் பாவிக்கவேண்டும் என்ற நிலைக்கு அங்கே "ரவுட்டர் கட்டாயம்" என்று பெயரே வைத்திருந்தார்கள். 2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2016 ஆகஸ்ட் 1 நடைமுறைக்கு வந்தது. கொம்பனியின் வலையமைப்பு சுவரிலுள்ள சொக்கெட்டோடு முடிகிறது, அதற்கு இங்கால் இருப்பதெல்லாம் வீட்டுக்காரரின் தெரிவு, தேவையான கடவுச்சொற்களைக் கேட்காமலே கொடுக்கவேண்டும் என்றது அது. கார்ட்டர்போன் தீர்ப்புக்கு 48 வருடங்களின் பின் அதே கேள்விக்கு அதே பதில்.

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒரு விடயமும் இருக்கிறது. ஃபைபரில் கொம்பனிகளின் வாதம் முழுக்க வெறும் சாட்டு இல்லை. பரவலாகப் பாவிக்கிற ஜிபொன் முறையில் உங்கட வீட்டுக்கு வருகிற ஒளிக்கம்பி உங்களுக்கு மட்டுமானதில்லை. வழியில் ஒரு பிரிப்பான், அதிலிருந்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளை. வருகிற பக்கம் செக்கனுக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட்டை எல்லோரும் பங்குபோடுகிறார்கள். போகிற பக்கம் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கப்பட்ட கணத்தில் மட்டும் ஒளியை விடவேண்டும். ஒரு பெட்டி பழுதாகி விடாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அந்தக் கிளையிலுள்ள எல்லாருடைய இணையமும் நின்றுவிடும். ஹஷ்-எ-போன் கோப்பையால் வராத தீங்கு இங்கே உண்மையிலேயே வரலாம்.

ஆகவே சரியான கேள்வி, எந்த இடத்தில் கோடு கீறுவது என்பதுதான். ஒளியை மின்சாரமாக மாற்றுகிற பெட்டி, அதாவது ஓஎன்டி, கொம்பனியுடையதாக இருக்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வருகிற வைஃபையும், பாஸ்வேர்டும், பிள்ளைகளின் நேரக் கட்டுப்பாடும், எந்த வாசலைத் திறப்பது என்பதும் கொம்பனியின் கையில் இருக்க அப்படியொரு காரணம் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் தருவதால்தான் அந்தக் கோடு எங்களுக்குத் தெரிவதில்லை.

அப்ப எதை வாங்குறது?

இவ்வளவு வரலாற்றுக்குப் பிறகு கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். பொருந்துமா இல்லையா என்ற சிக்கல் முழுக்க லைன் வருகிற பக்கத்தில்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய டெலிபோன் லைன் என்றால் ஏடிஎஸ்எல் மொடெம் உள்ளே இருக்கிற ரவுட்டர் வேண்டும். பின்னால் ஆர்ஜே-11 ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். "வான்" என்று எழுதிய பெரிய ஆர்ஜே-45 ஓட்டை மட்டும் இருக்கிற ரவுட்டர் நேரடியாக அந்த லைனில் வேலை செய்யாது. கடையில் அதிகம் நடக்கிற குழப்பம் இதுதான்.

ஃபைபர் என்றால் கொம்பனியின் ஓஎன்டியை மாற்ற முயலவேண்டாம். வான் ஓட்டை உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்றை வாங்கி, ஓஎன்டியின் லேன் ஓட்டையிலிருந்து அதற்கு ஒரு வயரைக் குத்தலாம். கொம்பனி பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்போது அது ஒளியை மாற்றுகிற வேலையை மட்டும் செய்யும், மிச்சம் உங்கட ரவுட்டரின் பொறுப்பு. அதற்கு பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் இலக்கம் ஆகிய மூன்றும் தேவைப்படலாம். டிவியும் லாண்ட்லைனும் அதே பெட்டியில் வந்தால், பிரிட்ஜ் மோடுக்குப் போனபிறகு அவை வேலை செய்யுமா என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் மோட் தரமாட்டோம் என்றால், உங்கட ரவுட்டரை அக்சஸ் பொயிண்ட் மோடில் போட்டு வைஃபைக்கு மட்டும் பாவிக்கலாம். வீட்டின் பின்னறைக்குச் சிக்னல் வராத பிரச்சினைக்கு அது போதும்.

ஃபோர்ஜி என்றால் இரண்டு கேள்வி. முதலாவது, ரவுட்டர் ஒரு கொம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா? இரண்டாவது, எந்த பேண்ட்? 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 3, 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40. உங்கட இடத்தில் கொம்பனி பாவிக்கிற பேண்ட் ரவுட்டரின் பட்டியலில் இல்லாவிட்டால், வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய எவ்வளவு விலையான பெட்டியும் சும்மாதான். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற கருவியா என்றும் கடையில் கேளுங்கள்.

வைஃபை பக்கத்தில் பொருத்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. வைஃபை 6 ரவுட்டரில் பத்து வருடப் பழைய போனும் வேலை செய்யும். பார்க்கவேண்டியது வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸோடு 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கட்டும். 2.4 கொங்கிரீட் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அயல் வீட்டு வைஃபைகளால் நெரிசல் கூட. 5 வேகம் கூட, தூரம் குறைவு. மலிவான ரவுட்டர் சிலவற்றின் பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 என்று போட்டிருக்கும். ஆனால் வான் ஓட்டையின் வேகம் 100 மெகாபிட்தான். உங்கட பக்கேஜ் அதைவிடக் கூட என்றால் அந்தக் காசு வீண்.

2022 தந்த பாடம் ஒன்றும் உண்டு. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பல வீடுகள் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்கின. அதற்கும் பொருத்தம் பார்க்கவேண்டும். ரவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடப்டரில் எழுதியிருக்கும். ஓஎன்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

கடைசியாக ஒன்று. இலங்கையில் ஜெர்மனி மாதிரி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கார்ட்டர் தன் பெட்டியை விற்றபோது அவருக்கும் சட்டம் இருக்கவில்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது. புது லைன் பூட்ட வருகிறவர் ஏணியை மடிக்க முதல் கேளுங்கள்: "இந்த ரவுட்டர் எனக்குச் சொந்தமா, கொம்பனிக்கா? அட்மின் பாஸ்வேர்ட் என்ன? பிரிட்ஜ் மோட் போடலாமா?" சிலர் சொல்வார்கள், சிலர் அலுவலகத்துக்கு அடிக்கச் சொல்வார்கள். சொல்கிற பதிலை ஒரு துண்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் "என்ன கனெக்‌ஷன் தம்பி?" எண்டு கேட்கும்போது அந்தத் துண்டு உதவும்.